சர்வரில் அஞ்சல் வடிகட்டல்: ஒரே அஞ்சல் இரண்டு முறை வராமல் அமைப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போஸ்ட்ஃபிக்ஸ் (அஞ்சலை வாங்கி அனுப்பும் நிரல்), டவ்காட் (அதைப் பெட்டியில் சேர்த்துக் காட்டும் நிரல்), டவ்காட்டுக்கான பிஜன்ஹோல் சீவ் (வடிகட்டல் விதிகளை ஓட்டுவது) ஆகிய மூன்றையும் வைத்துச் சொந்தமாக மெயில் சர்வர் நடத்துபவர்களுக்காக எழுதியது இது. ரவுண்ட்கியூப் வெப்மெயிலில் விதி எழுதும் சாதாரணப் பயனருக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும். ஆணைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். கோப்பில் எழுதும்போது ஆங்கில எழுத்தில் தட்டச்ச வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் அமைப்புப் பெயர்களில் சொற்களுக்கு நடுவே இடைவெளி வரும் இடங்களில் அடிக்கோடு இடுங்கள்.

தண்டர்பேர்டிலேயே ஃபில்டர் இருக்கிறது. பிறகு ஏன் சர்வரில் வைக்க வேண்டும்?

ஒரே கணக்கை இரண்டு கருவிகளில் திறந்து வைத்திருந்தால், அந்த ஃபில்டரே இரட்டை அஞ்சலுக்குக் காரணமாகிவிடும். அலுவலகக் கணினியும் வீட்டு மடிக்கணினியும் ஒரே இன்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, இரண்டிலும் அதே விதி இருக்கிறது என்று வையுங்கள். புது அஞ்சல் வந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் அதை 'பில்கள்' ஃபோல்டருக்கு நகர்த்தப் பார்க்கும். சர்வரில் உள்ள பெட்டியைக் கருவிகள் பார்க்கும் முறையான ஐமேப்பில் 'நகர்த்து' என்று தனி ஆணை வந்ததே 2013-இல்தான் (ஆர்எஃப்சி 6851 என்ற இணையத் தர ஆவணம்). அதற்கு முந்தைய வழியில் முதலில் நகலெடுத்து, பிறகு பழையதை அழித்ததாகக் குறியிட்டு, கடைசியில் நீக்க வேண்டும். இரண்டு கருவிகளும் நகலெடுக்கும் படியை முடித்த பிறகுதான் ஒன்று அழிக்கிறது என்றால், 'பில்கள்' ஃபோல்டரில் இரண்டு அஞ்சல் நிற்கும்.

சீவ் விதி இப்படி ஓடுவதில்லை. அஞ்சல் பெட்டிக்குள் விழும் முன்பே, ஒரே ஒரு முறை, ஒரே இடத்தில் ஓடிவிடுகிறது. அதனால் சர்வரில் சீவை இயக்கும் அதே நாளில் எல்லாக் கருவிகளிலும் உள்ள ஃபில்டர்களை அணைத்துவிடுங்கள். 'ஒன்றிரண்டு மட்டும் இருக்கட்டும்' என்று விட்டால் பிறகு எது எதைச் செய்தது என்று பிரித்தறியவே முடியாது.

ஒரே அஞ்சல் இரண்டாக வருகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

லாகிலிருந்து, அதாவது சர்வரின் பதிவுக் கோப்பிலிருந்து. விதியைத் திருத்தப் போகாதீர்கள். எந்தக் கட்டத்தில் ஒன்று இரண்டானது என்று தெரியாமல் செய்யும் திருத்தம், நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து கொடுப்பதாகத்தான் முடியும்.

இரண்டு நகல்களின் முழு ஹெடரையும் (தலைப்பகுதி) திறந்து, அஞ்சலின் அடையாளமான மெசேஜ்-ஐடி ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். வேறு வேறு என்றால் அனுப்பியவரே இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். சர்வரில் தேட ஒன்றுமில்லை. ஒன்றுதான் என்றால் அந்த ஐடியை மெயில் லாகில் தேடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் 'கிளீனப்' வரியில் அது கிடைக்கும். அதே வரியில், போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையில் அந்த அஞ்சலுக்குத் தரும் அடையாளமான க்யூ ஐடியும் இருக்கும். இனி அந்தக் க்யூ ஐடியைப் பிடித்துக்கொண்டு போனால் நான்கில் ஒரு காட்சி தெரியும்.

க்யூ ஐடி ஒன்றுதான், ஆனால் 'டூ' வரிகள் இரண்டு, இரண்டிலும் முகவரி ஒன்று, பக்கத்தில் உள்ள 'ஒரிஜ் டூ' மட்டும் வேறு: இது அலையஸ் விரிவு, அதாவது ஒரு முகவரி அதற்கு ஈடாக வைத்த முகவரிகளாக மாறுவது.

க்யூ ஐடி இரண்டு, இரண்டாவது 127.0.0.1-இலிருந்து (அதே சர்வரிலிருந்து) வந்திருக்கிறது: ஸ்பாம் சோதனைக்குப் போய்த் திரும்பி வந்த அஞ்சல் இது. இப்படித் திரும்புவதில் தவறில்லை. ஆனால் திரும்பி வந்த பின் பெறுநர் எண்ணிக்கை கூடியிருந்தால் சிக்கல் அங்கேதான்.

க்யூ ஐடி இரண்டு, இரண்டும் வெளியிலிருந்து வந்தவை: அஞ்சல் குழு அனுப்பிய நகலாக இருக்கலாம், அல்லது அனுப்பிய சர்வர் மறுபடி முயன்றிருக்கலாம். ஹெடரின் ரிசீவ்டு வரிகளில் நேர இடைவெளியைப் பாருங்கள். அனுப்பியது போஸ்ட்ஃபிக்ஸ் என்றால், இயல்பு அமைப்பில் மறுமுயற்சிக்குக் குறைந்தது 300 வினாடி எடுத்துக்கொள்ளும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி, வழியில் வேறு சர்வர் எதுவும் இல்லை என்றால் மறுமுயற்சிதான்.

க்யூ ஐடி ஒன்று, 'டூ' வரியும் ஒன்று, ஆனால் டவ்காட் லாகில் அதே மெசேஜ்-ஐடிக்கு 'ஸ்டோர்டு மெயில் இன்டூ மெயில்பாக்ஸ்' என்று இரண்டு வரிகள், இரண்டு ஃபோல்டர் பெயர்கள்: இப்போதுதான் சீவ் விதியைத் திறக்க வேண்டும்.

நான்கிலும் அடங்காமல், டவ்காட் ஒரே ஒரு முறைதான் சேமித்திருக்கிறது என்றால், இரட்டிப்பு நடந்தது பயனரின் கருவியில்.

அடிப்படை அமைப்பைச் சரியாகச் செய்வது எப்படி?

டெபியன், உபுண்டு இரண்டிலும் மூன்று பொதிகள் தேவை: டவ்காட்-சீவ், டவ்காட்-மேனேஜ்சீவ்டி, டவ்காட்-எல்எம்டிபிடி. எல்எம்டிபி என்பது பெட்டியில் சேர்க்க வேண்டிய அஞ்சலை போஸ்ட்ஃபிக்ஸ் டவ்காட்டிடம் ஒப்படைக்கும் முறை. நிறுவியபின் எல்எம்டிபி புரோட்டோகால் பகுதியில் 'மெயில் பிளகின்ஸ்' பட்டியலில் சீவைச் சேருங்கள். டவ்காட்டின் எல்எம்டிபி சாக்கெட்டை (இரண்டு நிரல்களும் பேசிக்கொள்ளும் கோப்பு) போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்பூல் அடைவின் 'பிரைவேட்' உள்ளடைவில் வையுங்கள். உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 0600. பயனர்கள் தரவுத்தளத்தில் இருந்தால் 'வெர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட்', லினக்ஸ் பயனர்களாகவே இருந்தால் 'மெயில்பாக்ஸ் டிரான்ஸ்போர்ட்' அந்த சாக்கெட்டைச் சுட்ட வேண்டும். பயனர்கள் விதி எழுத மேனேஜ்சீவ் 4190 போர்ட்டில் கேட்கும். டவ்காட் 2.4-இல் அமைப்புக் கோப்பின் எழுதுமுறை நிறையவே மாறிவிட்டது. 2.3-க்கு எழுதிய வழிகாட்டியிலிருந்து அப்படியே ஒட்டினால் சர்வர் கிளம்பாது.

பைப் வழியாக டவ்காட்-எல்டிஏ என்ற சேர்ப்பு நிரலுக்குத் தள்ளும் பழைய முறையைவிட எல்எம்டிபியை நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓர் அஞ்சலுக்குப் பத்துப் பெறுநர்கள் என்றால் எல்எம்டிபி பத்துப் பேருக்கும் தனித்தனியாக 'ஆயிற்று', 'ஆகவில்லை' என்று பதில் சொல்கிறது. பைப்பில் மொத்தத்துக்கும் ஒரே பதில்தான். பத்தாவது ஆளின் பெட்டியில் தற்காலிகமாகச் சேர்க்க முடியாமல் போனால் மொத்தமும் தோல்வி என்று போஸ்ட்ஃபிக்ஸ் எடுத்துக்கொண்டு பிறகு மறுபடி அனுப்பும், முதல் ஒன்பது பேருக்கும் இரண்டாம் நகல் விழும். பைப்பை விட முடியாத நிலை என்றால் 'டவ்காட் டெஸ்டினேஷன் ரெசிப்பியன்ட் லிமிட்' மதிப்பை 1 ஆக்குங்கள். அதில் முதல் சொல் உங்கள் மாஸ்டர் கோப்பில் அந்தச் சேவைக்கு வைத்த பெயர். வேறு பெயர் வைத்திருந்தால் அதையே எழுத வேண்டும்.

எல்எம்டிபிக்கு மாற்றிவிட்டோம். ஒரே ஒரு பயனருக்கு மட்டும் இன்னும் இரண்டிரண்டாக வருகிறது. ஏன்?

அவருடைய ஹோம் அடைவில் புள்ளி-ஃபார்வர்ட் கோப்பு (தன் அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று பயனர் எழுதி வைப்பது) கிடக்கிறதா பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் லோக்கல் சேவை, 'மெயில்பாக்ஸ் டிரான்ஸ்போர்ட்' பக்கம் போவதற்கு முன்பே அந்தக் கோப்பைப் படித்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அதில் பின்சாய்கோட்டுடன் தன் பெயரையும், அடுத்து புரோக்மெயில் என்ற பழைய வடிகட்டல் நிரலுக்கான பைப்பையும் எழுதி வைத்திருப்பார். முதல் பதிவு ஒரு நகலை எல்எம்டிபிக்கு அனுப்பும், இரண்டாவது இன்னொன்றை புரோக்மெயிலுக்கு அனுப்பும். கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். அதில் வெளிமுகவரி ஏதாவது இருந்தால் அதைச் சீவ் விதியாக மாற்றிக் கொடுத்த பிறகு எடுத்துவிடலாம்.

அமாவிஸ் (ஸ்பாம், வைரஸ் சோதனை நிரல்) சேர்த்ததிலிருந்து, நகல் பெறுபவர்களுக்கு மட்டும் எல்லாம் இரட்டையாகப் போகிறது.

இந்தப் பழுது எத்தனையோ சர்வர்களில் உண்டு, சரிசெய்ய ஒரு வரி போதும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு வரும் அஞ்சல் 10024 போர்ட்டில் அமாவிஸுக்குப் போய், 10025 வழியாக மறுபடி போஸ்ட்ஃபிக்ஸுக்குள் நுழைகிறது. போஸ்ட்ஃபிக்ஸைப் பொறுத்தவரை அது புது அஞ்சல். ஆகவே அலையஸ் விரிவும், தானாகச் சேரும் பிசிசியும் (மறைநகல்) இரண்டாம் முறையும் நடக்கும்.

கணக்கர் முகவரிக்கு வருவது கணக்கருக்கும் மேலாளருக்கும் போக வேண்டும் என்று அலையஸ் இருக்கிறது என்போம். முதல் நுழைவில் பெறுநர் கணக்கர், மேலாளர் என்று இருவர் ஆகிறார்கள். அமாவிஸிலிருந்து திரும்பும்போது கணக்கர் மறுபடி 'கணக்கர், மேலாளர்' என்று விரிவார். ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் மேலாளரோடு இன்னொரு மேலாளர் சேர்ந்துகொள்வார். கணக்கருக்கு ஒன்று, மேலாளருக்கு இரண்டு. 'ஆல்வேஸ் பிசிசி' வைத்துக் காப்பகம் சேர்ப்பவர்களுக்கும் இதேதான் நடக்கும்.

மாஸ்டர் கோப்பில் 10025 சேவையின் கீழ் உள்ள 'ரிசீவ் ஓவர்ரைடு ஆப்ஷன்ஸ்' வரியில் 'நோ அட்ரஸ் மேப்பிங்ஸ்' என்பதையும் சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோடு செய்யுங்கள். விரிவு முதல் நுழைவில் மட்டும் நடக்கும். இதையே மெயின் கோப்பில் எழுதிவிடாதீர்கள். அங்கே எழுதினால் இரண்டு நுழைவிலும் விரிவு நின்றுபோய், அலையஸ் முகவரிகளுக்கு வரும் அஞ்சல் எல்லாம் 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று திரும்பிப் போகும். ஆர்ஸ்பாம்டி போன்ற மில்டர் (அஞ்சல் வரும்போதே போஸ்ட்ஃபிக்ஸோடு இணைந்து சோதிக்கும் நிரல்) வைத்திருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது, ஏனென்றால் அஞ்சல் வெளியே போய்த் திரும்புவதில்லை.

தகவல், விற்பனை, உதவி மூன்று முகவரியும் எனக்கே வருகின்றன. மூன்றையும் போட்டு அனுப்பினால் மூன்று நகல் வருகிறதே?

போஸ்ட்ஃபிக்ஸ் இரட்டைப் பெறுநரை நீக்கத்தான் செய்கிறது. ஆனால் 'எனேபிள் ஒரிஜினல் ரெசிப்பியன்ட்' ஆம் என்று இருந்தால், அது மூல முகவரி, இறுதி முகவரி இரண்டையும் ஜோடியாக வைத்து ஒப்பிடுகிறது. மூல முகவரி மூன்று விதம் என்பதால் மூன்று ஜோடி, மூன்று நகல். இதை இல்லை என்று மாற்றினால் இறுதி முகவரியை மட்டும் பார்த்து ஒன்றாக்கிவிடும். விலையும் உண்டு: எந்த அலையஸ் வழியாக வந்தது என்ற தகவல் லாகிலும் ஹெடரிலும் போய்விடும், அதை நம்பி எழுதிய விதி வேலை செய்யாது. 3.2 வரையிலான போஸ்ட்ஃபிக்ஸில், அலையஸ் முகவரிகளுக்கு முகவரிச் சரிபார்ப்பும் கெட்டுப்போகும். எங்கள் பரிந்துரை: இதைத் தொடாமல், கீழே சொல்லியிருக்கும் டூப்ளிகேட் சோதனையால் சமாளியுங்கள்.

விதியில் ஃபோல்டருக்கு அனுப்பச் சொன்னேன். இன்பாக்ஸிலும் ஒன்று நிற்கிறது. சீவ் எப்படித்தான் முடிவெடுக்கிறது?

சீவ் மொழியின் இன்றைய வரையறை ஆர்எஃப்சி 5228, ஆண்டு 2008. அதன் அடித்தளம் 'மறைமுக கீப்'. ஸ்கிரிப்ட் எதுவும் சொல்லாவிட்டால் அஞ்சல் இன்பாக்ஸில் சேரும். ஃபைல்இன்டூ (ஃபோல்டரில் போடு), ரீடைரெக்ட் (வேறு முகவரிக்கு அனுப்பு), டிஸ்கார்ட் (எறிந்துவிடு) மூன்றில் ஒன்று ஓடினால் அந்த மறைமுக கீப் ரத்தாகும். அதனால் வெறும் ஃபைல்இன்டூ போட்டால் இன்பாக்ஸில் எதுவும் நிற்கக் கூடாது. நிற்கிறது என்றாலோ, இரண்டு ஃபோல்டரில் விழுகிறது என்றாலோ மூன்று காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, ':காப்பி' என்ற குறி. ஃபைல்இன்டூவோடு அது இருந்தால் மறைமுக கீப் ரத்தாகாது. ரவுண்ட்கியூபில் 'மெசேஜை நகர்த்து' என்பதற்குப் பதிலாக 'மெசேஜை நகலெடு' என்பதைத் தேர்ந்தால் அது எழுதுவது இதைத்தான்.

இரண்டாவது, ஸ்கிரிப்டின் வேறொரு மூலையில் வெளிப்படையாக எழுதிய கீப். பலர் பாதுகாப்புக்கு என்று கடைசி வரியில் கீப் எழுதுகிறார்கள். அந்த வரி எல்லா அஞ்சலுக்கும் ஓடும். மேலே எந்த ஃபோல்டருக்குப் போயிருந்தாலும் இன்பாக்ஸிலும் ஒன்று விழும். அந்த வரி தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, அதிகம் நடப்பது: தனித்தனி 'இஃப்' விதிகள். முதல் விதி 'அனுப்புநர் வங்கி' என்றால் 'வங்கி' ஃபோல்டருக்கு, ஐந்தாவது விதி 'தலைப்பில் ரசீது' என்றால் 'ரசீதுகள்' ஃபோல்டருக்கு. வங்கியிடமிருந்து ரசீது வந்தால் இரண்டும் பொருந்தும், அஞ்சல் இரண்டு ஃபோல்டரிலும் விழும். சீவ் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. ஒவ்வொரு விதியின் முடிவிலும் ஸ்டாப் போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் 'எல்ஸ்இஃப்' சங்கிலியாகக் கோர்த்துவிடுங்கள். ரவுண்ட்கியூபில் ஒவ்வொரு ஃபில்டரிலும் இரண்டாவது செயலாக 'விதிகளைச் சோதிப்பதை நிறுத்து' என்பதைச் சேர்த்தால் போதும். ஸ்டாப் வந்தபின் வரிசைதான் எல்லாம். குறுகிய விதி மேலே, பரந்த விதி கீழே.

ஒரே ஃபோல்டரின் பெயர் இரண்டு விதியில் வந்தால் கவலை வேண்டாம். ஒரே அஞ்சலை ஒரே ஃபோல்டரில் இருமுறை போடக் கூடாது என்று வரையறையே அறிவுறுத்துகிறது.

என் ஸ்கிரிப்ட் சுத்தமாக இருக்கிறது. இருந்தும் இரண்டு நகல்.

சர்வர் நிர்வாகி 'சீவ் பிஃபோர்' ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பிஜன்ஹோலில் அது முதலில் ஓடும். அதன் முடிவில் கீப் உயிரோடு இருந்தால் மட்டுமே உங்கள் ஸ்கிரிப்ட் ஓடும், அதற்குப் பிறகு 'சீவ் ஆஃப்டர்'. ஸ்பாமை ஜங்க் ஃபோல்டருக்கு அனுப்பும் பொது விதியில் நிர்வாகி ':காப்பி' சேர்த்துவிட்டால், ஜங்க்கில் ஒன்று விழும், கீப் உயிரோடு இருப்பதால் உங்கள் ஸ்கிரிப்டும் ஓடி இன்னொன்றை வேறு ஃபோல்டரில் வைக்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டால் ஜங்க்கோடு முடிந்துவிடும்.

ஓர் அஞ்சல் 'வாடிக்கையாளர்' ஃபோல்டரிலும் 'அவசரம்' ஃபோல்டரிலும் தெரிய வேண்டும். அதற்கு நகல்தானே வழி?

நகலெடுத்தால் ஒன்றைப் படித்தாலும் மற்றது படிக்காததாகவே நிற்கும், ஒன்றுக்குப் பதில் எழுதியது மற்றதில் தெரியாது. அதற்குப் பதில் ஐமேப்4ஃபிளாக்ஸ் நீட்சியை வைத்து 'ஆட்ஃபிளாக்' ஆணையால் ஒரு சொல்லைக் குறியாக ஒட்டுங்கள். தண்டர்பேர்டின் வண்ணக் குறிகள் ஐந்தும் சர்வரில் டாலர் குறியோடு 'லேபிள்1' முதல் 'லேபிள்5' வரை சேமிக்கப்படுபவையே. சீவில் அதே பெயரைப் போட்டால் அஞ்சல் வரும்போதே வண்ணத்தோடு வரும். 'அவசரம்' என்பதைத் தண்டர்பேர்டில் சேமித்த தேடலாக வைத்துக்கொள்ளலாம்.

அஞ்சல் குழுவில் யாராவது 'அனைவருக்கும் பதில்' கொடுத்தால் எனக்கு இரண்டு வருகிறது.

ஒன்று உங்களுக்கு நேராக வந்தது, இன்னொன்று குழு வழியாக வந்தது. மெசேஜ்-ஐடி ஒன்றே. குழு மெயில்மேனில் ஓடினால் உங்கள் உறுப்பினர் பக்கத்தில் 'இரட்டை நகல்களைத் தவிர்' என்ற தேர்வு இருக்கும். அதை இட்டால், டூ அல்லது சிசியில் உங்கள் முகவரி இருக்கும் அஞ்சலை மெயில்மேன் உங்களுக்கு அனுப்பாது.

ஆனால் அதில் ஒரு சங்கடம். மிஞ்சுவது நேரடி நகல், அதில் குழுவை அடையாளம் காட்டும் லிஸ்ட்-ஐடி ஹெடர் இருக்காது. லிஸ்ட்-ஐடியை நம்பி எழுதிய விதி அதைப் பிடிக்காது, குழு உரையாடலின் நடுவில் ஒன்று மட்டும் இன்பாக்ஸில் தனித்து நிற்கும். சர்வரில் டூப்ளிகேட் சோதனை வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் நேரடி நகலே பெரும்பாலும் முதலில் வந்து சேரும், பின்னால் வரும் குழு நகல்தான் இரட்டை என்று ஒதுக்கப்படும்.

இதற்கு விதியின் நிபந்தனையை மாற்ற வேண்டும். 'லிஸ்ட்-ஐடியில் குழுவின் அடையாளம் இருந்தால், அல்லது டூ, சிசியில் குழுவின் முகவரி இருந்தால்' என்று 'எனிஆஃப்' கொண்டு இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். நேரடி நகலும் குழு நகலும் ஒரே ஃபோல்டரை நோக்கிப் போகும். எது முதலில் வந்தாலும் உரையாடல் அறுபடாது, இரண்டாவதை டூப்ளிகேட் சோதனை பிடித்துக்கொள்ளும்.

அந்த டூப்ளிகேட் சோதனையை எப்படி எழுதுவது?

இந்தச் சோதனையின் வரையறை ஆர்எஃப்சி 7352, 2014-இல் வந்தது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் உள்ள 'ரெக்கொயர்' பட்டியலில் டூப்ளிகேட், ஃபைல்இன்டூ, மெயில்பாக்ஸ் மூன்றும் இருக்க வேண்டும். அடுத்து, மற்ற எல்லா விதிக்கும் மேலே ஒரு 'இஃப்': நிபந்தனை 'டூப்ளிகேட்', அதோடு ':செகண்ட்ஸ்' 86400. உள்ளே ஃபைல்இன்டூ, ':கிரியேட்' குறியோடு 'இரட்டை' என்ற ஃபோல்டர், பிறகு ஸ்டாப். அவ்வளவுதான்.

எதுவும் சொல்லாவிட்டால் இது மெசேஜ்-ஐடியை வைத்தே அடையாளம் காண்கிறது. 86400 வினாடி என்பது ஒரு நாள். குழு நகல், அலையஸ் நகல், மறுமுயற்சி என எல்லாமே பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். காலத்தை எண்ணிக்கையாகவே எழுதிவிடுங்கள், இயல்பு மதிப்பு சர்வருக்கு சர்வர் வேறுபடும். 'சீவ் டூப்ளிகேட் மேக்ஸ் பீரியட்' என்று நிர்வாகி வைக்கும் உச்சவரம்பைத் தாண்டி எழுதினாலும் பயனில்லை. காலம் எண்ணத் தொடங்குவது முதல் அஞ்சல் வந்த நேரத்திலிருந்து. ':லாஸ்ட்' போட்டால் ஒவ்வொரு நகல் வரும்போதும் கடிகாரம் புதிதாகத் தொடங்கும். கண்காணிப்புக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை 'டிஸ்க் நிரம்புகிறது' என்று அனுப்பிக்கொண்டே இருக்கும் இடத்தில் அது உதவும். அங்கே மெசேஜ்-ஐடி ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும் என்பதால் ':ஹெடர்' கொண்டு சப்ஜெக்டை அடையாளமாக்க வேண்டும். அந்தப் பட்டியல் மற்றதோடு கலக்காமல் இருக்க ':ஹேண்டில்' என்று தனிப் பெயரும் கொடுங்கள்.

'இரட்டை' ஃபோல்டர் எதற்கு? டிஸ்கார்ட் செய்துவிட்டால் சுத்தமாக இருக்குமே?

தயவுசெய்து வேண்டாம். மெசேஜ்-ஐடி உலகில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. எல்லா மென்பொருளும் அதைக் காப்பதில்லை. மோசமாக எழுதப்பட்ட பில் அனுப்பும் நிரல் ஒன்று எல்லா மாதத்துக்கும் ஒரே ஐடி போட்டால், அடுத்த பில் தடமில்லாமல் மறைந்துவிடும். அனுப்பியவர் 'அனுப்பினேன்' என்பார், லாக் 'பெற்றேன்' என்னும், பெட்டியில் இருக்காது. இன்னும் ஒன்று: வரப்போகும் அஞ்சலின் ஐடியை ஊகிக்க முடிந்த ஒருவர், அதே ஐடியில் வெற்று அஞ்சல் ஒன்றை முன்னால் அனுப்பி உண்மையானதை மறைத்துவிட முடியும். இரண்டு முறை வரும் அஞ்சலை ஒரு விநாடியில் அழித்துவிடலாம், வராமலே போன அஞ்சலைத் தேடக்கூடத் தோன்றாது. ஃபோல்டரில் போடுங்கள், 30 நாள் கழித்து டவ்காட்டின் 'ஆட்டோஎக்ஸ்பஞ்ச்' அதைக் காலி செய்யட்டும்.

சோதனை எழுதியாயிற்று. ஆனாலும் பிடிக்கவில்லை.

பயனருக்கு ஹோம் அடைவு இருக்கிறதா பாருங்கள். பார்த்த ஐடிகளைக் குறித்துவைக்கும் 'எல்டிஏ டூப்ஸ்' கோப்பு அங்கேதான் உருவாகும். வெர்ச்சுவல் பயனர்களுக்கு மெயில் இருப்பிடம் மட்டும் கொடுத்து ஹோம் கொடுக்காமல் விட்டால் எழுத இடமிருக்காது. ஹோமும் மெயில் அடைவும் ஒன்றாக இருப்பதும் நல்லதல்ல.

மெசேஜ்-ஐடியே இல்லாத அஞ்சல் என்றால் சோதனை எப்போதும் 'இல்லை' என்றுதான் சொல்லும். ஸ்கேனர், யுபிஎஸ் போன்ற கருவிகள் இப்படி அனுப்பக்கூடும். தவிர, ஸ்கிரிப்ட் வெற்றிகரமாக முடிந்த பிறகுதான் ஐடி பதிவாகிறது. இது நல்லதற்கே, சேமிக்கும்போது பிழை நேர்ந்து மறுபடி வரும் அஞ்சல் இரட்டை என்று தள்ளப்படாது. ஆனால் இரண்டு நகல்கள் ஒரே நொடியில் இரண்டு செயல்முறைகளில் ஓடினால் இரண்டும் தப்பிவிடும் வாய்ப்பு உண்டு. அமாவிஸால் நடக்கும் இரட்டை விரிவை மூலத்திலேயே சரிசெய்யச் சொல்வது இதனால்தான்.

பெரிய இணைப்புள்ள அஞ்சல்கள் மட்டும் சில நிமிடம் கழித்து மறுபடி வருகின்றன.

சர்வர்கள் ஒன்றுக்கொன்று அஞ்சல் அனுப்பும் முறையான எஸ்எம்டிபியில் அஞ்சலின் உடல் முடிந்ததும் அனுப்புபவர் ஒற்றைப் புள்ளி வைத்துவிட்டு '250' என்ற பதிலுக்குக் காத்திருப்பார் ('பெற்றுக்கொண்டேன்' என்று பொருள்). உங்கள் சர்வர் அந்த நேரத்தில் 20 எம்பி இணைப்பை வைரஸ் சோதனைக்கு உட்படுத்திக்கொண்டிருக்கிறது. சோதனை முடிந்து 250 சொல்வதற்குள் எதிர்முனை பொறுமை இழந்து இணைப்பைத் துண்டித்தால், உங்களிடம் அஞ்சல் சேர்ந்திருக்கும், அவரிடம் 'போகவில்லை' என்று பதிவாகியிருக்கும். மறுபடி அனுப்புவார். 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1047 முழுக்க இந்த ஒன்றைப் பற்றித்தான். எதிர்முனை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று தரம் சொன்னாலும் நடுவில் உள்ள ஃபயர்வால்கள் அதற்கு முன்பே துண்டிப்பதுண்டு. வைரஸ் சோதிக்கும் கிளாம்ஏவியில் அளவு வரம்பு வையுங்கள், மில்டரின் நேர வரம்பைச் சில பத்து வினாடிகளுக்குள் அடக்குங்கள்.

ரீடைரெக்ட் பற்றி?

ஒரே முகவரிக்கு அலையஸிலும் சீவிலும் முன்னனுப்பல் வைக்காதீர்கள், ஏதாவது ஒன்று போதும். வெளியே அனுப்பி இங்கேயும் ஒன்று வேண்டும் என்றால் ரீடைரெக்டோடு ':காப்பி'. முன்னனுப்பிய அஞ்சல் எஸ்பிஎஃப் சோதனையில் (அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்ப்பது) தோற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் தேவைப்படும்.

ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் பார்த்தால் எல்லாமே இரண்டு.

அவை நகல்கள் அல்ல. ஜிமெயிலில் அஞ்சல் ஒன்றுதான், லேபிள்கள்தான் பல. ஐமேப் ஒவ்வொரு லேபிளையும் ஃபோல்டராகக் காட்டுகிறது, 'எல்லா அஞ்சல்' ஃபோல்டரிலும் அதே அஞ்சல் தெரிகிறது. ஜிமெயில் அமைப்புகளில் லேபிள்கள் பகுதிக்குப் போய் 'எல்லா அஞ்சல்' என்பதற்கு எதிரே 'ஐமேப்பில் காட்டு' என்பதை எடுத்துவிடுங்கள். 'ஒன்றை அழிக்கிறேன்' என்று இறங்கினால் உண்மையானதே போய்விடக்கூடும்.

புரோக்மெயிலில் இரட்டையைத் தடுக்க ஃபார்மெயில் கொண்டு 8192 என்று எழுதி வைத்திருந்தோம். அதே எண்ணைச் சீவில் போடலாமா?

கூடாது. அந்த 8192 ஐடிகளைச் சேமிக்கும் கோப்பின் அளவு, பைட்டில். சீவில் வருவது வினாடி. 8192 வினாடி என்பது இரண்டேகால் மணி நேரம்தான்.

சர்வரை மாற்றியதும் பாப்3 பயனர்கள் எல்லோருக்கும் பழைய அஞ்சல் முழுவதும் மறுபடி இறங்கிவிட்டது.

இது வடிகட்டலால் வந்ததல்ல. பாப்3 கருவிகள் எதை ஏற்கெனவே இறக்கினோம் என்பதை யுஐடிஎல் என்ற அடையாளத்தால் நினைவில் வைக்கின்றன. புதிய சர்வர் வேறு வடிவில் அடையாளம் கொடுத்தால் எல்லாமே புதிது. மாற்றத்துக்கு முன்பே 'பாப்3 யுஐடிஎல் ஃபார்மேட்' மதிப்பைப் பழைய சர்வரின் வடிவத்துக்குப் பொருத்த வேண்டும். நடந்து முடிந்த பிறகு சர்வர் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.

ஏற்கெனவே பெட்டியில் சேர்ந்துவிட்ட ஆயிரக்கணக்கான இரட்டைகளை நீக்க வழி உண்டா?

டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவ்அட்மினில் 'டீடூப்ளிகேட்' ஆணை இருக்கிறது. எந்தக் குறியும் தராவிட்டால் டவ்காட்டின் உள் அடையாளமான ஜியுஐடியை வைத்து ஒப்பிடும். தனித்தனியாக வந்து சேர்ந்த நகல்களுக்கு அது வேறு வேறாக இருக்கும் என்பதால் எதுவும் நீங்காது. சிறிய 'எம்' குறி கொடுத்தால் மெசேஜ்-ஐடியை வைத்து ஒப்பிடும். ஒரே ஃபோல்டருக்குள் இருக்கும் நகல்களில் பழையதை விட்டுவிட்டுப் புதியவற்றை நீக்கும். ஆனால் அந்தப் பழையதும் நீங்கள் கொடுத்த தேடல் வரம்புக்குள் இருக்க வேண்டும். 'இந்த வாரம் வந்தவை' என்று சுருக்கினால் போன வாரம் வந்த மூலம் கணக்கில் வராது. காப்பு நகல் எடுத்துவிட்டு, முதலில் ஒரு பயனரின் ஒரு ஃபோல்டரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

புதிதாக எழுதிய விதியைப் பழைய அஞ்சலுக்கும் ஓட்ட 'சீவ்-ஃபில்டர்' இருக்கிறது. வெறுமனே ஓட்டினால் என்ன செய்யும் என்று காட்டும், எதையும் தொடாது. சிறிய 'ஈ' குறி கொடுத்தால் உண்மையில் ஓடும். அதோடு பெரிய 'டபிள்யூ' குறியையும் கொடுங்கள். இல்லாவிட்டால் மூல ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்காது. அஞ்சல்கள் புது ஃபோல்டருக்குப் போகும், இன்பாக்ஸிலும் அப்படியே நிற்கும்.